கெட்ட காற்று

பச்சை ஏலக்காய் சூட்டில் வாடத் தொடங்கும்போது கிளம்புகிற ஆவிக்கு ஒரு காரம் உண்டு. கடையில் பொட்டலமாக வாங்கிப் பாயசத்தில் தட்டிப் போடுகிறவர்களுக்கு அது தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வாசனைதான். ஈரக்காயைக் கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, தரையோடு ஓடும் இரும்புக் குழாய்களில் விறகுச் சூட்டை ஏற்றிக் கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்தில் அந்த அறைக்குள் தலையை நீட்டிப் பாருங்கள். கண் எரியும், மூக்கு ஒழுகும், உள்ளே போன மூச்சு நெஞ்சைச் சுட்டுவிட்டுத்தான் வெளியே வரும். காய்ந்த காயின் வாசனையை இன்றும் என்னால் தாங்க முடியும். அந்த ஈர ஆவியைத்தான் முடியாது.

அந்த அறைக்கு எங்கள் மலையில் "ஸ்டோரு" என்று பெயர். போடிமெட்டுக் கணவாயைத் தாண்டிப் பூப்பாறைக்குப் போகிற வழியில், மழைக்கும் அட்டைக்கும் குறைவில்லாத ஓர் ஏலத்தோட்டத்தில் எங்கள் அப்பா ஸ்டோருக்குத் தீப் போடுகிறவராக இருந்தார். குடியிருப்பு தோட்டத்து "லயத்தில்". அதாவது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் அறைகளில் ஒன்று. அப்பா, அம்மா மாயக்கா, நான், அப்பாவின் அக்காவான பேச்சியத்தை, இவ்வளவுதான் குடும்பம். அத்தை இளவயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். அம்மாவை அவர் திட்டாத நாள் கிடையாது. அம்மாவுக்குத் தலைவலி என்றால் சுக்கு அரைத்துப் பற்றுப் போடாமல் படுத்ததும் கிடையாது.

அந்த அம்மா ஒரு மழைக்காலத்தில் செத்துப்போனாள். காற்றுதான் கொன்றது என்று அத்தை சொன்னார். அந்தக் காற்றை உள்ளே விட்டவர் அப்பாதான் என்றும் சொன்னார். அப்பா அன்றைக்குத் தலையில் ஏறிய பாரத்தை இந்த வயது வரைக்கும் இறக்காமல் சுமந்துகொண்டிருந்தார். நான் நர்சுக்குப் படித்து, இத்தாலியில் ஒரு சின்ன ஊர் முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே ஒரே ஒரு சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொண்டு, அந்தச் சொல்லை வைத்தே அப்பாவை விடுவித்துவிடலாம், அவர் கண்ணை மூடுவதற்குள் எப்படியாவது விடுவித்துவிட வேண்டும் என்று ஊருக்கு ஓடிவந்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன். நடுவில் கோபம் வரும். அது என் சுபாவம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டோரு வேலை என்பது முழுக்கக் காற்றைக் கட்டி மேய்க்கிற வேலை. முதலில் காயிலிருந்து ஈரம் ஆவியாகக் கிளம்பும்போது மேல்சன்னல்களைத் திறந்து "ஈரக்காத்தை" வெளியே துரத்த வேண்டும். அது போய்த் தீர்ந்ததும் சுணங்காமல் சன்னலைச் சாத்தி, இடுக்குகளில் சாக்கைத் திணித்து, வெளிக்காற்று ஓர் இழைகூட நுழையாமல் சூட்டை உள்ளேயே வைத்துக் காக்க வேண்டும். இதில் பிசகினால் காய் பச்சை நிறத்தை இழந்து வெளுத்துவிடும். வெளுத்த காயை மலையடிவாரத்துப் போடியில் ஏலம் விடும்போது ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். அப்பா இதில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர், அதனால் அவருக்கு உலகத்தில் எல்லாமே காற்று விவகாரமாகத்தான் தெரியும். சோறு புளித்தாலும் காற்று, துணி காயாவிட்டாலும் காற்று, முழங்கால் வலித்தாலும் காற்று.

மலையில் மற்றவர்களும் அப்படித்தான் இருந்தார்கள். சாயங்காலம் ஓடைப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வரும்போது லயத்துக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொள்ளும். அந்தப் பனிக்குள் கெட்ட காற்று இருக்கிறது, அதுதான் குளிர்காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பக்கத்து அறையில் இருந்த மலையாளத்து அம்மிணியக்கா காய்ச்சலையே "பனி" என்றுதான் சொல்வார். அவர்கள் பாஷையில் காய்ச்சலுக்கு அதுதான் சொல் என்று தெரியாத எனக்கு, பனியும் காய்ச்சலும் ஒன்றுதான் என்று அதனாலேயே உறுதியாகிவிட்டது. யாராவது நடுங்கிக்கொண்டு படுத்தால் "காத்து புடிச்சிருச்சு" என்பார்கள். அதற்குமேல் விளக்கம் யாரும் கேட்பதில்லை.

இன்று யோசித்தால் சிரிப்பு வருகிறது, பின்னாலேயே வயிற்றெரிச்சலும் வருகிறது. சாயங்காலம் கதவைச் சாத்தியது நல்ல காரியம். கொசு இறங்குகிற நேரம் அதுதானே. அப்பாவுக்கு அந்தக் காய்ச்சல் ஒருநாளும் வந்ததில்லை. விறகுப் புகையிலேயே கிடந்த மனிதரைக் கொசு எப்படி நெருங்கும்? ஆனால் அத்தை, சூட்டுக்குள் இருக்கிறவனைக் காற்று அண்டாது, அதற்கு என் தம்பியே சாட்சி என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். கண் முன்னால் தெரிந்ததெல்லாம் அவர்கள் சொன்னதற்குத் தோதாகவே இருந்தது. அப்புறம் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

அந்த வருடம் காயெடுப்பு மும்முரமாக இருந்தபோது அம்மா மாசமாக இருந்தாள். பாலித்தீன் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் குனிந்து காயெடுத்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் ஓடையில் துணி அலசிக்கொண்டு வருவாள். வாய் ஓயாமல் பேசுவாள். அத்தையைப் போல நடந்து காட்டி என்னைச் சிரிக்க வைப்பாள். அத்தை திரும்பிப் பார்த்தால் காலில் முள் குத்தியதுபோல முகத்தை வைத்துக்கொள்வாள். பிறக்கப்போவது தம்பி என்று தானே முடிவு செய்து, அவனுக்கு என்னைப்போல வாய்த்துடுக்கு இருக்கக்கூடாது என்று ஊர்ச்சாமிக்கு வேண்டுதலும் போட்டு வைத்திருந்தாள்.

ஒருநாள் துணியை அலசிக்கொண்டு வந்தவள் வாளியைக் கீழே வைக்க முடியாமல் நடுங்கினாள். பல் கிட்டித்தது. இருந்த கம்பளியை எல்லாம் போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. அத்தை தொட்டுப் பார்த்துவிட்டு, காத்து புடிச்சிருச்சு, எல்லாத்தையும் மூடு என்று அப்பாவிடம் சொன்னார். இருந்த ஒரே சன்னலின் இடுக்குகளை அப்பா சாக்கு வைத்து அடைத்தார். கதவுக்குக் கீழே பழந்துணியைச் சுருட்டி வைத்தார். அப்படியும் நடுக்கம் அடங்கவில்லை என்றதும், மலையில் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். மழையில் நனைந்து விறைத்துப்போகிறவர்களைக் காய் இறக்கிய ஸ்டோருக்குள் கொஞ்ச நேரம் உட்கார வைப்பது அங்கே வழக்கம். அன்றைக்குக் காயை இறக்கியிருந்தார்கள், அறையில் சூடு அடங்கவில்லை. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார்.

"ஈரக்காத்து ஏறுன காயும் சரி, மனுசனும் சரி, சூட்டுலதான் தெளியணும்" என்றார் என்னிடம். நான் வெளியே நின்று அழுதுகொண்டிருந்தேன்.

இதில்தான் விதி எங்களை ஏமாற்றியது. அந்தக் காய்ச்சலின் குணமே அப்படி: முதலில் குளிரும், பிறகு உடம்பு கொதிக்கும், பிறகு வேர்வை கொட்டித் தானாகவே தணியும். மறுநாள் நோயாளி எழுந்து நடமாடுவார். அதற்கு மறுநாள் அது திரும்ப வரும். ஊரில் இதற்கு "முறைக்காய்ச்சல்" என்ற பெயரே உண்டு. அம்மாவுக்கு ஸ்டோருக்குள் வேர்த்துக் கொட்டியது, காய்ச்சல் இறங்கியது, மறுநாள் எழுந்து கஞ்சி குடித்தாள், அத்தையைக் கேலிகூடச் செய்தாள். ஸ்டோருச் சூடு காற்றை விரட்டிவிட்டது என்று லயமே அப்பாவைப் பாராட்டியது. நான்கூடப் பெருமையாகத்தான் நின்றுகொண்டிருந்தேன்.

காய்ச்சல் திரும்ப வந்தது. திரும்ப ஸ்டோரு, திரும்ப வேர்வை, திரும்பக் குணமானதுபோல் ஒரு நாள். வரவர அந்த நல்ல நாளின் நன்மை குறைந்துகொண்டே போனது. அம்மாவின் உதடு வெளுத்தது, கண்ணின் உள்ளிமை காகிதமாகிவிட்டது. பேச்சு நின்றுபோனது. அவளுக்கு உடம்பில் ரத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவளைக் கொண்டுபோய் அந்த வெக்கைக்குள் போட்டு, இருந்த நீரையும் வேர்வையாக எடுத்துக்கொண்டிருந்தோம்.  யாரை நொந்துகொள்வது? அப்பா அவளுக்குச் செய்தது அவர் அறிந்ததிலேயே உயர்ந்த காரியம். தன் கைத்திறமை மொத்தத்தையும் அவளுக்காகச் செலவழித்தார்.

தோட்டத்தில் மாத்திரை கொடுக்கிற கம்பவுண்டர் ஒருவர் எப்போதாவது வருவார். அவர் வந்து பார்த்துவிட்டு, உடனே போடிக்குக் கொண்டுபோங்கள், இங்கே வைத்துக்கொண்டிருக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை ஒரேயடியாக மறுத்துவிட்டார். போடிக்குப் போக வேண்டுமானால் மெட்டைத் தாண்டித்தானே போக வேண்டும். மெட்டில் வீசுகிற காற்று நின்ற ஆளைத் தள்ளிவிடும். நல்ல உடம்புக்காரனே காதை மூடிக்கொண்டு போகிற இடத்தில் காற்றுப் பிடித்த பிள்ளைத்தாச்சியை எப்படிக் கொண்டுபோவது? மெட்டுக் காத்து பட்டா உசுரு தங்காது என்று அத்தை சொல்லச் சொல்ல, அப்பா இரண்டு கைகளையும் பிசைந்துகொண்டு நின்றார். இன்னும் ஒரு தடவை ஸ்டோரில் வைத்துப் பார்க்கலாம் என்றார். அம்மாதான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னையக் கீழ கொண்டு போயிருங்க" என்றாள். "அந்த ரூமுக்குள்ள இனிமே என்னைய வைக்காதீங்க."

அவள் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அப்பா வெரசாகப் போய் ஜீப்புக்குச் சொன்னார்.

தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வருகிற ஜீப்பு அது. பக்கங்களில் படுதா கட்டியது. அப்பா படுதாவின் ஓட்டைகளில் எல்லாம் துணியைத் திணித்தார், ஓரங்களைக் கயிறு போட்டு இறுக்கினார், பின்பக்கம் தொங்கிய படுதாவைக் கயிறு எட்டாததால் தன் கையாலேயே பிடித்துக்கொண்டார். அம்மாவைக் கம்பளியில் சுற்றி, காதில் பஞ்சடைத்து, தலையில் துண்டைக் கட்டி நடுவில் படுக்கவைத்தார்கள். அத்தை மடியில் அவள் தலை, என் மடியில் கால். உள்ளே இருட்டு, டீசல் நெடி, நாங்கள் விட்ட மூச்சையே நாங்கள் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தோம்.

மெட்டைத் தாண்டி வளைவுகளில் இறங்கத் தொடங்கியதுமே அம்மா கேட்க ஆரம்பித்துவிட்டாள். "காத்து" என்றாள். முதலில் எங்களுக்குப் புரியவில்லை. காற்று உள்ளே வருகிறது என்று பயந்து சொல்கிறாள் என்று நினைத்து அப்பா படுதாவை இன்னும் இறுக்கினார். "காத்து வேணும். கொஞ்சம் தொறந்து விடுங்க, மூச்சு முட்டுது." இந்தா வந்துருச்சு மாயக்கா, மலையை எறங்கிட்டோம், கொஞ்சம் பொறுத்துக்க என்று அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். வளைவுக்கு வளைவு அவள் அதையேதான் கேட்டாள். குரல் போன பிறகு உதட்டால் கேட்டாள். நான் பக்கத்துப் படுதாவில் கை வைத்தபோது அத்தை என் கையைத் தட்டிவிட்டார். அத்தை அழுதுகொண்டுதான் தட்டிவிட்டார்.

ரத்தம் அவ்வளவு குறைந்துபோன உடம்புக்கு எவ்வளவு காற்று இருந்தாலும் போதாது, மூச்சுக்கு அடித்துக்கொள்ளும் என்பதை நான் பிற்பாடு படித்தேன். படித்த அன்றைக்கு ஆஸ்டலில் நான் சாப்பிடவில்லை.

மலையடிவாரத்து முந்தலுக்கு மேலே ஏதோ ஒரு வளைவில் அம்மா தன் கையைக் கம்பளிக்குள்ளிருந்து உருவி எடுத்து அப்பாவின் காலைப் பிடித்தாள். அவ்வளவுதான், அப்பா உடைந்துபோனார். படுதாவைப் பிடித்திருந்த கையை விட்டார். விட்டதோடு நிற்கவில்லை, பக்கத்துக் கயிற்றையும் அறுத்து எறிந்தார். காற்று குபீரென்று உள்ளே வந்தது. அத்தை அலறினார். அம்மா அந்தக் காற்றை வாயைத் திறந்து, தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிறவள்போலக் குடித்தாள். அவள் முகம் தெளிந்தது. அப்பாவைப் பார்த்து ஏதோ சொல்லவும் செய்தாள். காற்றிரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. முந்தலைத் தாண்டிச் சமவெளிக்கு வந்து, போடி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவள் மூச்சு நின்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணிமையை இறக்கிப் பார்த்தார், காய்ச்சல் எப்படி வந்தது என்று கேட்டார், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றதும் தலையை ஆட்டினார். மலேரியாவாகத்தான் இருக்க வேண்டும் என்றார். அந்தச் சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். அது ஏதோ ஓர் ஊர்ப்பெயர் என்று நினைத்தேன். அத்தை அதைக் காதிலேயே வாங்கவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு, கைக்குள்ள இருந்த உசுரக் காத்துல விட்டுட்டியேடா என்று அப்பாவைப் பார்த்து ஓலமிட்டார். அப்பா சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் மலைக்குத் திரும்பவில்லை. அப்பா போடியில் ஏலக்காய் மண்டியில் மூட்டை தூக்கினார், என்னைப் படிக்கவைத்தார், அத்தையைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றினார். அத்தை சாகும்வரை அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதை நிறுத்தவில்லை. சண்டை வந்தாலும் சொல்வார், சாமி கும்பிடும்போதும் சொல்வார். அப்பா எங்கள் வீட்டுச் சன்னலைத் திறந்ததே இல்லை. போடி வெயிலில், ஓடு கொதிக்கிற சித்திரை மாதத்தில், சன்னலைச் சாத்திக்கொண்டு வேர்வையில் கிடப்பார். நான் திறந்தால் எழுந்து வந்து சாத்துவார்.

இத்தாலியில் நான் வேலை பார்த்த இல்லத்தில் ஒரு முதியவர் இருந்தார். இளவயதில் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டப் போனவர். கோடையில்கூட அவர் அறைச் சன்னலைத் திறக்க விடமாட்டார். கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, திறந்தால் "கோல்போ தாரியா" வந்துவிடும் என்று சத்தம் போடுவார். காற்றின் அடி என்று அதற்கு அர்த்தம். நம் ஊரில் காத்தடிச்சிருச்சு என்கிறோமே, அதேதான். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னோடு வேலை பார்த்த ருமேனியா நாட்டுப் பெண்ணும் அவர் கட்சிதான். எதிரெதிராக இரண்டு சன்னல் திறந்திருந்தால் நடுவில் நிற்கமாட்டாள். நர்சுக்குப் படித்தவளாம்!

அந்த முதியவர்தான் ஒருநாள் பேச்சுவாக்கில், தன்னோடு வாய்க்கால் வெட்டியவர்கள் எல்லாம் மலேரியாவில் போனார்கள் என்று சொல்லிவிட்டு, அந்தச் சொல்லை இரண்டாகப் பிட்டுக் காட்டினார். "மாலா" என்றால் கெட்டது, "ஆரியா" என்றால் காற்று. கையிலிருந்த மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தனை வருடமாக எத்தனை நோயாளிகளின் தாளில் அந்தச் சொல்லைப் பார்த்திருப்பேன்! அது கெட்ட காற்று என்று எனக்கு யாருமே சொன்னதில்லை.

பிறகு பித்துப் பிடித்தவள்போல அதையே தேடினேன். ரோமாபுரியைச் சுற்றியிருந்த சதுப்பு நிலத்திலிருந்து வேனில் காலத்தில் எழும் ஆவிதான் அந்தக் காய்ச்சலுக்குக் காரணம் என்று இத்தாலிக்காரர்கள் காலம் காலமாக நம்பியிருக்கிறார்கள். பணக்காரர்கள் சன்னலை அடைத்துக்கொண்டு கிடந்தார்கள், அல்லது காற்றுக்குப் பயந்து மலைமேல் ஏறி ஓடினார்கள். நாங்கள் அதே காற்றுக்குப் பயந்து மலையை விட்டு இறங்காமல் கிடந்தோம். அவர்கள் வைத்த பெயரை இங்கிலீஷ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், ஜெர்மன்காரர்கள், சுவீடன்காரர்கள், ரஷ்யாக்காரர்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் சதுப்பு என்ற பொருளில் வேறு பெயரைப் பெரும்பாலும் புழங்குகிறார்கள். அதுவும் அந்த ஆவியின் பிறந்த இடம்தானே. ருமேனியாக்காரியின் ஊரில் பழைய ஆட்கள் அதைக் "குளிர்கள்" என்று சொல்வார்களாம், நம் குளிர்காய்ச்சல்தான். பிற்பாடு ரத்தத்தில் இருக்கும் கிருமியைக் கண்டுபிடித்தார்கள், கொசுதான் பரப்புகிறது என்பதையும் கண்டுபிடித்தார்கள், ஆனால் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கும் உலகத்து டாக்டர்கள் எல்லாம் கெட்ட காற்று, கெட்ட காற்று என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் என் அப்பா மடையரா? இத்தனை நாட்டுப் படித்தவர்களும் பிரபுக்களும் நம்பிய ஒன்றை, காற்றைக் கட்டி மேய்த்தே வாழ்ந்த ஒரு தீப் போடுகிறவர் நம்பியதில் என்ன குற்றம்? எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, ஆனந்தமாகவும் இருந்தது. அம்மாவைக் காற்று கொல்லவில்லை. படுதாவைத் திறந்ததால் எதுவும் ஆகிவிடவில்லை. அதற்கு ஒரு கண்டத்தையே சாட்சிக்குக் கூப்பிடலாம். இதை அப்பாவிடம் சொன்னால் போதும், பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன். அப்போது அவருக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இரைக்கத் தொடங்கியிருந்தது. அவரைப் பார்த்துக்கொள்கிற பெண் போனில் சொன்ன விதத்திலேயே நாள் அதிகமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. லீவு போட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

வரும்போது கொச்சியில் இறங்கி வேண்டுமென்றே மெட்டு வழியாக வந்தேன். நாங்கள் இருந்த லயம் இல்லை. அங்கே கண்ணாடி பதித்த விடுதி ஒன்று நிற்கிறது. ஸ்டோரு இருந்த இடத்தில் பொத்தானை அழுத்தினால் சூடேறுகிற இரும்புப் பெட்டி வந்திருக்கிறது. தீப் போட ஆள் வேண்டாமாம். முறைக்காய்ச்சலைப் பற்றிக் கேட்டால் தோட்டத்துப் பெண்கள் முழித்தார்கள், அந்தச் சொல்லே அவர்களுக்குத் தெரியவில்லை. மெட்டில் வண்டியை நிறுத்தி, வெளியூர்க்காரர்கள் கையை விரித்துக்கொண்டு அந்தக் காற்றில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். காற்று நல்லதாகிவிட்டது.

அப்பா சாத்திய சன்னலுக்குக் கீழே கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் விவரமாகச் சொன்னேன். இத்தாலியைச் சொன்னேன், சதுப்பைச் சொன்னேன், முதியவரைச் சொன்னேன், எல்லா நாட்டிலும் உங்களை மாதிரியேதான்ப்பா நினைத்திருக்கிறார்கள், ஆனால் அது காற்றே கிடையாது, கொசு, அம்மா போனதற்கும் நீங்கள் படுதாவைத் திறந்ததற்கும் சம்பந்தமே கிடையாது என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. 

"கொசுன்னு எனக்குத் தெரியும்த்தா" என்றார்.

தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வருகிற சுகாதாரப் பிள்ளைகள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்களாம். டாக்டர் அன்றைக்குச் சொன்ன சொல்லையும் அவர் மறக்கவில்லையாம், அதே சொல்லைச் சுவரில் எழுதிப் பக்கத்தில் கொசுவின் படம் போட்டிருந்ததைப் பார்த்தாராம். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு எதற்குப்பா சன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறீர்கள், பிறகு எதற்கு அத்தை சொன்னதையெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டீர்கள் என்று சண்டைக்கே போய்விட்டேன். அவர் மூச்சை நிதானப்படுத்திக்கொண்டார்.

"காத்துதான் கொன்னுச்சுன்னா நான் செஞ்ச தப்பு ஒண்ணே ஒண்ணு. படுதாவத் தொறந்தது. அதுவும் அவ கேட்டான்னு தொறந்தது. அத நான் தாங்கிக்கிருவேன்."

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கொசுன்னு வையி. அப்ப ஸ்டோருக்குள்ள போட்டு அவள வாட்டுனேனே, அது என்னாத்துக்கு? மெட்டுலருந்து காத்து காத்துன்னு கேட்டுக்கிட்டே வந்தாளே, நான் இறுக்கிப் புடிச்சுக்கிட்டே வந்தேனே. அது என்னாத்துக்குத்தா? சொல்லு. படிச்சிருக்கியே, சொல்லு."

 எந்த நாட்டுச் சொல்லும் உதவிக்கு வரவில்லை. அவரை விடுவிக்கிறேன் என்று கடல் தாண்டி வந்து, அவர் இத்தனை வருடம் ஒண்டிக்கொண்டிருந்த ஒரே இடத்தையும் பிடுங்கப் பார்த்திருக்கிறேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"காத்துதாம்ப்பா" என்றேன். "மெட்டுக் காத்துதான். அது அப்பிடிப்பட்ட காத்துப்பா."

நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது. ஆமாத்தா என்று தலையை ஆட்டினார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, காத்துதான் என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிக்கொண்டார்.